நிரந்தரமாக என்ற சொல்

தொழில் திணைக்களத்தின் இந்தக் கந்தோரில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களோடு கொஞ்ச நேரம் கதைக்கும்படி துஷ்யந்தி கேட்டபோது, சுற்றறிக்கைகளைப் பற்றி வாய் திறக்கமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அவை உங்கள் மேசைகளில் இருக்கின்றன. நான் ஓய்வுபெற்ற பிறகு அவற்றில் பாதி மாறியும் இருக்கும். நான் சொல்ல நினைப்பது மயிலிட்டியிலிருந்து வந்த ஒரு மனிதரைப் பற்றி. துஷ்யந்தியும் அதில் வருகிறாள். இன்று உங்களுக்கு மேலதிகாரியாக இருப்பவளை உங்கள் முன்னாலேயே கதைக்குள் இழுக்கலாமா என்று அவளிடமே கேட்டேன். நடந்ததை நடந்தபடி சொல்லச் சொன்னாள்.

உங்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும் ஒருதரம் சொல்லிவிடுகிறேன். தனியார் வேலை செய்கிற ஒருவருக்குச் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துச் சேர்க்கிற சேமலாப நிதி, ஆண் என்றால் ஐம்பத்தைந்து வயதுவரை, பெண் என்றால் ஐம்பதுவரை, எடுக்க முடியாமல் கிடக்கும். அதற்கு முன்னால் எடுக்கச் சட்டம் ஒப்புக்கொள்கிற காரணங்கள் சில உண்டு. அவற்றில் ஒன்று, நாட்டை விட்டு நிரந்தரமாகப் போவது. கடவுச்சீட்டு, அந்த நாட்டின் வதிவிட விசா, வேலையை விட்டதற்கான கடிதம் எல்லாம் கொண்டுவந்தாலும், கடைசியில் ஒரு சத்தியக்கடதாசியும் வேண்டும். நான் நிரந்தரமாகப் போகிறேன், திரும்பி வந்து இங்கே குடியிருக்கும் எண்ணம் எனக்கில்லை என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியம் செய்து கையெழுத்து வைக்க வேண்டும்.

அந்த வசனத்தை வாசித்துவிட்டுக் கையெழுத்து வைத்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை. எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று மட்டும் கேட்பார்கள். வைத்துவிட்டுப் போய், அங்கே குளிரும் வேலையும் ஒத்துவராமல் ஒரு வருடத்தில் திரும்பி வந்தவர்களும் உண்டு. பண்டத்தரிப்பில் என் பக்கத்து ஒழுங்கையிலேயே ஒருவர் இருக்கிறார். வழியில் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போவார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. வாழ்க்கை எப்படித் திரும்பும் என்று யாருக்குத் தெரியும்?

பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலம் உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது எங்கள் கந்தோரிலும் வரிசை. போக வழி கிடைத்தவர்கள் எல்லாரும் வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார்கள். தாதிமார், வங்கியில் வேலை செய்தவர்கள், கணினிப் பிள்ளைகள். மின்சாரம் நின்றால் மின்விசிறி நிற்கும், கணினி நிற்கும், சனம் மட்டும் நிற்கும். பொதுசனம் வரும் நாட்களில் ஒரு சமாதான நீதவான் எங்கள் விறாந்தையில் மேசை போட்டு இருப்பார். அவருக்கும் கை ஓயாது.

அப்படி ஒரு நாளில்தான் யோகராசா வந்தார். மயிலிட்டித் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு ஐஸ் தொழிற்சாலையில் இயந்திரம் திருத்துகிறவர். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியிருப்பார். பெற்றோல் இல்லாததால் அவ்வளவு தூரமும் சைக்கிளில் வந்திருந்தார். மனைவி சுகந்தி ஆறு வருடங்களுக்கு முன்னால் ஒன்பது வயது மகளையும் கூட்டிக்கொண்டு கனடாவிலுள்ள தமையனிடம் போய், அங்கேயே தங்கிவிட்டாள். இப்போது அவளுக்கு வதிவிடம் கிடைத்து, கணவனைக் கூப்பிட்டிருந்தாள். விசா வந்துவிட்டது. அதில் போட்டிருந்த திகதிக்குள் போய் இறங்க வேண்டும். சில கிழமைகள்தான் இருந்தன.

முன்மேசையில் துஷ்யந்தி இருந்தாள். அப்போது அவள் வேலைக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருக்காது. பத்திரங்களைப் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை. சத்தியக்கடதாசியைக் கொடுத்து, வெளியே நீதவானிடம் கையெழுத்து வைத்துக்கொண்டு வரும்படி சொன்னாள். யோகராசா விறாந்தைக்குப் போனார். திரும்பி வரவில்லை.

அடுத்த கிழமை வந்தார். அதே பத்திரங்கள், அதே வெற்றுக் கையெழுத்துக் கோடு. நீதவானின் மேசை வரைக்கும் போய், கடதாசியை வாசித்துக்கொண்டு நின்றுவிட்டு, பின்னால் நின்றவருக்கு இடம் விட்டுப் போய்விட்டாராம். மூன்றாம் முறை வந்தபோது துஷ்யந்திக்குப் பொறுமை இல்லை. அவளைப் பிழை சொல்லாதீர்கள். அவளுக்கு முன்னால் ஐம்பது பேர் நின்றார்கள். அவள் கொஞ்சம் உரத்துத்தான் கேட்டாள்.

"அண்ணை, எல்லாரும் வைக்கினம். ஒரு கையெழுத்துத்தானே. ஏன் எங்களை மினக்கெடுத்துறீங்கள்?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். யோகராசா பத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஒழுங்காக அடுக்கினார். அவர் அடுக்கிய விதத்தை என் அறை வாசலில் நின்று பார்த்தபோது, இந்த மனிதர் இனி வரமாட்டார் என்று எனக்குப் பட்டது. அறைக்குள்ளே வரும்படி கூப்பிட்டேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கும் அன்று நேரம் இருக்கவில்லை. மேலிடத்திலிருந்து, தேங்கிக் கிடக்கும் கோரிக்கைகளை மாத முடிவுக்குள் அனுப்பும்படி காலையில்தான் அறிவித்திருந்தார்கள். ஒரு மனிதருக்காகக் கதவைச் சாத்தினால் வெளியே நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும் என்று சாத்தினேன். மூன்று முறை அவ்வளவு தூரம் சைக்கிள் உழக்கி வந்து கையெழுத்து வைக்காமல் போகிறவர் சோம்பேறியாகவோ விசரராகவோ இருக்க முடியாது என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

கதிரையில் இருக்கச் சொன்னேன். நுனியில் இருந்தார். கடதாசியில் ஏதாவது விளங்கவில்லையா என்று கேட்டேன்.

"விளங்குது மிஸ். விளங்கினபடியால்தான் வைக்கேலாமல் இருக்கு."

பிறகு மெல்ல மெல்லச் சொன்னார். சண்டையில் மயிலிட்டியிலிருந்து சனம் இடம்பெயர்ந்தபோது அவருக்குப் பதின்மூன்று, பதினான்கு வயது. பருத்தித்துறைப் பக்கம் முகாமிலும் வாடகை வீடுகளிலும் வளர்ந்து, வேலை பழகி, கலியாணம் கட்டி, பிள்ளை பெற்று, தகப்பனையும் தாயையும் அங்கேயே பறிகொடுத்து, கால் நூற்றாண்டுக்கு மேலே கழிந்த பிறகுதான் இராணுவம் காணியைத் திருப்பிக் கொடுத்தது. போய்ப் பார்த்தபோது பற்றை. அத்திவாரத்தையும் கிணற்றையும் வைத்துத்தான் காணியை அடையாளம் கண்டாராம். வீட்டுத்திட்டத்தில் கிடைத்த உதவியோடு தன் கையாலும் வேலை செய்து ஒரு வீடு கட்டினார். மனைவியும் மகளும் அதற்கு முன்னரே போய்விட்டார்கள். அந்த வீட்டில் அவர் ஒருவர்தான் இருந்தார்.

"வெளிக்கிடேக்கை ரெண்டு நாளிலை திரும்பலாம் எண்டுதான் சொன்னவை. அப்பா காயப்போட்ட வலையைக்கூட எடுக்கேல்லை. அது எத்தினை வருசமாய்ப் போச்செண்டு உங்களுக்குத் தெரியும். அப்ப ஒருத்தரும் எங்களிட்டைக் கையெழுத்துக் கேக்கேல்லை. இப்ப, திரும்பி வரமாட்டன் எண்டு நானே எழுதித் தரவேணுமாம். அதுவும் சத்தியமாய்."

வருவீர்களா என்று கேட்டேன்.

"தெரியாது மிஸ். வயசு போன காலத்திலை வருவன் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருக்கிறன். அப்பிடி நினைச்சுக்கொண்டு இதிலை என்னெண்டு வைக்கிறது?"

அவர் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. இத்தனை வருடங்களில் எத்தனை நூறு கடதாசிகளை அனுப்பியிருப்பேன். அந்த வசனத்தைச் சத்தியம் என்று எடுத்துக்கொண்ட முதல் ஆளை அன்றுதான் கண்டேன்.

அவர் தயங்கித் தயங்கி, அந்த ஒரு வசனத்தை மட்டும் பேனையால் வெட்டிவிட்டு மிச்சத்துக்குக் கையெழுத்து வைக்கலாமா என்று கேட்டார். ஏலாது என்று சொன்னேன். எனக்கு அவரில் இரக்கம் இல்லாமல் சொல்லவில்லை. அந்த வசனம் இருப்பதால்தான் அந்தப் பணத்தை முன்கூட்டியே கொடுக்கிறார்கள். அதை வெட்டினால் அவருடைய கோரிக்கை ஒரு மாதம் கொழும்பில் கிடந்துவிட்டுத் திரும்பி வரும். அவருக்கு அந்த ஒரு மாதம் இல்லை. இரக்கப்பட்டு அவரை வீணாக அலைய வைத்திருப்பேன்.

இன்னொரு வழியும் இருந்தது. உங்களுக்கும் அடிக்கடி வரும் வழி. "அது வெறும் பேச்சு, வையுங்கோ, ஒருத்தரும் வந்து பார்க்கப்போறதில்லை" என்று சொல்லிவிடலாம். நல்ல மனதோடுதான் சொல்வோம். ஒரு நிமிடத்தில் வேலை முடியும். அவர் ஒருவேளை வைத்தும் இருப்பார். ஆனால் சத்தியம் செய்வதும் செய்யாததும் அவருடைய அலுவல். அதில் அவரைத் தள்ளிவிடுகிற கை என் கையாக இருக்கக்கூடாது என்று நினைத்தேன். வை என்றும் சொல்லவில்லை, வைக்காதே என்றும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, இந்தப் பணத்தை இப்போதே எடுக்க வேண்டிய அவசரம் என்ன என்று கேட்டேன்.

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். இப்போது எடுக்காவிட்டால் எல்லாம் அரசாங்கத்துக்குப் போய்விடுமாமே என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். கந்தோர் வாசலில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிற ஒருவர் சொன்னாராம். நாடு இருந்த நிலையில் அப்படிக் கதைகள் ஊரெல்லாம் உலாவிக்கொண்டிருந்தன. அவரும் நம்பியிருந்தார்.

நான் ஆறுதலாக விளங்கப்படுத்தினேன். நாட்டை விட்டுப் போகிறவர் எடுக்கலாம் என்றுதான் இருக்கிறதே தவிர, எடுத்தே ஆகவேண்டும் என்று எங்கும் இல்லை. எடுக்காவிட்டால் அவர் பெயரிலேயே கிடக்கும். வருடா வருடம் வட்டி சேரும். ஐம்பத்தைந்து வயதானதும் எந்தச் சத்தியமும் இல்லாமல் கேட்கலாம். அதற்கு முதலே எப்போதாவது, இனித் திரும்புவதில்லை என்று அவருக்கே பட்டால், அன்றைக்கு எழுதிக் கொடுக்கலாம். அங்கேயுள்ள தூதரகம் மூலமாகவும் அனுப்பலாம்.

அவர் கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்தது அப்போதுதான். ஆனால் முகம் தெளியவில்லை. இனி என்ன என்று கேட்டேன். சுகந்திக்குச் சொல்ல வேண்டும் என்றார். அங்கே ஒரு அறையில் தாயும் மகளும் இருக்கிறார்களாம். மூன்று பேருக்கு அது காணாது. வேறு வீடு எடுக்க முற்பணம் வேண்டும். காசோடு வருகிறேன் என்று அவளுக்குச் சொல்லியிருந்தாராம். இந்த மூன்று கிழமையாக அவள் தொலைபேசியில் ஒழுங்காகக் கதைப்பதில்லையாம். காசு தாமதமாவதில் கோபம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

இப்போதே எடுத்துக் கதையுங்கள் என்றேன். நான் எழும்பி வெளியே போகப் பார்த்தேன். அவர் என்னை இருக்கும்படி கேட்டார். விதிமுறையைப் பற்றி அவள் ஏதாவது கேட்டால் நான் சொல்ல வேண்டுமாம். உண்மையில் தனியே கதைக்கப் பயந்தார் என்று நினைக்கிறேன். தொலைபேசியை மேசையில் வைத்தார். அங்கே இரவு. வேலையால் வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பாள் போல, கோப்பைச் சத்தம் கேட்டது.

அவர் சுற்றிவளைக்காமல் சொன்னார். கந்தோரில் நிற்கிறேன், அந்தக் கடதாசியில் கையெழுத்து வைக்க மனம் வரவில்லை, காசு எடுக்கப்போவதில்லை, எடுக்காவிட்டாலும் அது அழிந்து போகாதாம். அவ்வளவும் சொல்லிவிட்டு நிறுத்தினார்.

அந்தப் பக்கம் கோப்பைச் சத்தமும் நின்றுவிட்டது. தொடர்பு அறுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"அப்ப நீங்கள் வரேல்லையோ?" என்று கேட்டாள். குரல் மிகவும் சின்னதாக இருந்தது.

"காசைத்தான் எடுக்கேல்லை எண்டனான்."

"மூண்டு தரம் கந்தோருக்குப் போட்டு வந்திட்டீங்கள். வைக்க மனமில்லை எண்டா, வர மனமில்லை எண்டுதானே நான் நினைக்கிறது. வீட்டைக் கட்டிப்போட்டு அதைவிட்டு அசையமாட்டார் எண்டு அண்ணையும் சொன்னவர். நான் பிள்ளைக்கு என்ன சொல்லுறது எண்டு யோசிச்சுக்கொண்டு இருக்கிறன்."

யோகராசா மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அவருடைய கை தொலைபேசியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தது.

"நான் வாறன் சுகந்தி. வெறுங்கையோடைதான் வருவன். பறவாயில்லையோ?"

அவள் அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அந்த அறையில் மூன்று பேர் படுக்கலாம் என்றாள். நிலத்தில் படுக்க மகள் அபிநயாவுக்கு விருப்பம்தானாம். நல்லதாக ஒரு தடித்த சுவெற்றர் மட்டும் வாங்கிக்கொண்டு வரச் சொன்னாள். அங்கே விலை கூடவாம்.

மூன்று கிழமையாக ஒரே விடயத்தைப் பற்றி இரண்டு பேர் கதைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒருவருக்கு அது சத்தியம், மற்றவருக்கு அது புருஷன் வருவானா இல்லையா என்பது. இரண்டு பேரும் அதைக் காசு என்ற பெயரில் கதைத்திருக்கிறார்கள். எங்கள் மேசைக்கு வருகிற கோபங்களும் அவசரங்களும் பலமுறை இப்படித்தான் வேறு பெயரில் வருகின்றன. எல்லாவற்றையும் கண்டுபிடிக்க உங்களால் முடியாது. என்னாலும் முடியவில்லை. கேட்டுப் பார்க்கிற அளவுக்கு ஒரு கதிரையும் கொஞ்ச நேரமும் கொடுக்கலாம். அந்த நேரத்தை எங்கிருந்து எடுப்பது என்று கேட்டால், எனக்கும் அதற்கு விடை தெரியாது. அன்று மத்தியானம் துஷ்யந்தியும் நானும் சாப்பிடவில்லை.

யோகராசா பத்திரங்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது துஷ்யந்தி எழும்பி நின்றாள். சுணக்கிப்போட்டன், குறை நினைக்காதையுங்கோ பிள்ளை என்று அவர்தான் முதலில் சொன்னார். அவள் சைக்கிள் வரைக்கும் கூடப் போனாள். பின் சில்லில் காற்றுப் போயிருந்ததாம். எங்கள் காவலாளியிடம் காற்றடிக்கிற பம்ப் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அவர் போய்ச் சேர்ந்தாரா என்று எங்களுக்குத் தெரிய வழியில்லை. ஒரு கோரிக்கை வராவிட்டால் அந்த மனிதர் எங்கள் கந்தோரைப் பொறுத்தவரை இல்லை. கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு மறந்துபோனேன். சொல்ல வெட்கமாக இருந்தாலும் அப்படித்தான்.

மூன்று நாலு வருடங்கள் கழிந்து, நான் ஓய்வுபெறச் சில மாதங்கள் இருக்கும்போது ஒரு நாள் துஷ்யந்தி என் அறைக் கதவைத் தட்டினாள். அப்போது அவளுக்குப் பதவி உயர்ந்து பக்கத்து அறைக்கு வந்திருந்தாள். மயிலிட்டி அண்ணை வந்திருக்கிறார் என்றாள். எனக்கு யார் என்று உடனே பிடிபடவில்லை. அவளுக்கு ஒரு நொடியும் மறக்கவில்லை போலிருக்கிறது.

ஆள் கொஞ்சம் வெளுத்து, கொஞ்சம் சதை வைத்திருந்தார். கூடவே உயரமான ஒரு பிள்ளை. அபிநயா. பல்கலைக்கழகம் போகப்போகிறாள். அவள் என்னைப் பார்த்து வணக்கம் சொன்னாள். அவளுடைய தமிழ் தாயின் தமிழ். இங்கே பிள்ளைகளே விட்டுவிட்ட சொற்கள்கூட அதில் இருந்தன. சுகந்திக்கு விடுமுறை கிடைக்காததால் தகப்பனும் மகளும் மட்டும் ஒரு மாதத்துக்கு வந்திருந்தார்கள். அவர் அங்கே ஒரு பெரிய மீன் களஞ்சியத்தில் குளிரூட்டிகளைப் பார்க்கிற வேலை செய்கிறார். மைனஸ் குளிரில் வேலை, வெளியே வந்தாலும் மைனஸ் என்று சிரித்தார். வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். தன் மாமன் மகனின் குடும்பத்தை அங்கே இருத்தியிருக்கிறாராம். அவர்கள் கடலுக்குப் போகிறவர்கள், துறைமுகத்துக்குக் கிட்ட இருப்பது வசதியாம்.

பிறகு பையிலிருந்து பத்திரங்களை எடுத்து மேசையில் வைத்தார். புதிய கடவுச்சீட்டுப் பிரதி, வதிவிட அட்டைப் பிரதி, எல்லாம். மேலே சத்தியக்கடதாசி. கையெழுத்துக் கோடு வெறுமையாக இருந்தது. அவருக்கு ஐம்பத்தைந்து ஆக இன்னும் ஐந்தாறு வருடங்கள் இருந்தன.

மகளின் படிப்புக்கா என்று கேட்டேன். அதுக்கும்தான் என்றார். அபிநயா இருந்த பக்கம் ஒருதரம் பார்த்தார். அவள் தொலைபேசியில் தாய்க்கு ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். அவசரமில்லை, இன்னும் கொஞ்சக் காலம் பொறுத்தால் சத்தியமே தேவையில்லை என்று அவருக்கு மறுபடியும் நினைவூட்டினேன். அது என் கடமை.

"தெரியும் மிஸ். நீங்கள் சொன்னது எல்லாம் நினைவிருக்கு. நாங்கள் வந்து ரெண்டு கிழமை ஆச்சு. வந்து மூண்டாம் நாள் விடிய எழும்பி, சரி, சுகந்தி தனிய, வீட்டை போகவேணும் எண்டு நினைச்சன். நான் கட்டின வீட்டுக்குள்ளை படுத்துக்கொண்டு நினைக்கிறன். எந்த வீட்டை நினைச்சனான் எண்டு பிறகுதான் எனக்கு விளங்கினது."

அவருடைய முகத்தில் துக்கம் இருந்தது என்று சொல்லமாட்டேன். கொஞ்சம் கூச்சம் இருந்தது.

துஷ்யந்தியும் சேர, எல்லாருமாக விறாந்தைக்குப் போனோம். நீதவான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வழக்கம்போலக் கோட்டைக் காட்டினார். யோகராசா அவசரப்படவில்லை. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் உதடு அசைய வாசித்தார். பின்னால் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துஷ்யந்தி வரிசையின் பக்கம் திரும்பி, கொஞ்சம் பொறுங்கோ, அவர் வாசிக்கட்டும் என்று சொன்னாள்.

அவர் வாசித்து முடித்துவிட்டுக் கையெழுத்து வைத்தார்.